மலையேறாத சைக்கிள்

"ஏனுங்க, இந்தச் சக்கரத்தோடயா மலைக்குப் போறீங்க?"

காற்று நிரப்ப நின்றிருந்த கௌசிக் நிமிர்ந்து பார்த்தான். சேந்தமங்கலத்தில் அந்தச் சைக்கிள் கடையை நடத்துபவள் தனப்பிரியா. கையெல்லாம் கிரீஸ், நெற்றியில் வியர்வை... கண்கள் மட்டும் மழைக்கு முந்தைய வானம் போல அப்படியொரு கறுப்பு.

அவள் முன்சக்கரத்து ரிம்மின் பக்கவாட்டை விரலால் தடவினாள். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வைத்துக் காட்டினாள். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"பிரேக் கட்டை உரசி உரசிக் குழியாயிருச்சுங்க. கொல்லிமலையில எழுபது வளைவு. எறங்கறப்ப பிரேக்கைப் புடிச்சுட்டேதான் வரோணும். ரிம் பொளந்துக்குமுங்க."

"நான் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில டிசைனருங்க. இரும்பு எனக்குத் தெரியும்."

"இது அலுமினியமுங்க."

பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கௌசிக்கின் முகம் சிவந்தது. சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டான்.

போகட்டும், நமக்கென்ன... என்று பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தாள் தனப்பிரியா. கை ஓடவில்லை. தூறல் விழத் தொடங்கியது. ஈரமான மலை ரோடு... அந்த ரிம்... ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு முன்னால், மரவள்ளிக் காட்டோரம் அவன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். குறுக்கே ஓடிய ஆட்டுக்காகப் பிரேக் பிடித்தபோது ரிம் வெடித்துத் தூக்கி எறிந்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். சமதரையில், மெதுவாகப் போகும்போதே இப்படி... மலையில் என்றால்?

நனைந்தபடி வந்து நின்றாள் அவள். கண்ணிலும் ஈரம். மழையா, வேறெதுவா...

"நீங்க ஏனுங்க வந்தீங்க?"

"தெரிஞ்சும் உங்கள வுட்டுட்டனேன்னு இருந்துச்சுங்க." அவள் குரல் உடைந்திருந்தது.

பேர்கூடத் தெரியாத ஒருவனுக்காகக் கடையை மூடிவிட்டு மழையில் வந்திருக்கிறாள். அவன் சேற்றிலிருந்து எழுந்தான்.

"மன்னிச்சுக்குங்க. நான் கேட்டிருக்கோணும்" என்றான்.

அன்றே புது ரிம் மாட்டிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அவன் வந்தான். "ரிம்மைக் கொஞ்சம் பாருங்க." அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். நாலாவது ஞாயிறு அவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்தபடியே சொன்னாள்.

"இது ரெண்டு வருசத்துக்குத் தேயாதுங்க. இனி நீங்க வர வேண்டியதில்லீங்க."

அவன் சைக்கிளை எடுக்காமல் நின்றான்.

"நான் கேக்காமப் போயும் எனக்காக மழையில வந்தீங்க. நன்றி சொல்லத்தான் மொதல்ல வந்தேன். இப்ப... உங்களப் பாக்கத்தான் வாரேன். காலத்துக்கும் பாத்துட்டே இருக்கோணும்னு ஆசைங்க."

சக்கரம் நின்றது. அவள் நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

"அடுத்த வாரம் எங்க ஊட்டுக்கு வாங்க... உங்கம்மாளையும் கூட்டிக்கிட்டு."

"சரிங்க" என்றான்.

"பஸ்ஸுல வாங்க. அவங்களாச்சும் பத்திரமா வந்து சேரோணும்."