நீங்கள் அட்மின் இல்லை

இல்லை என்று சொல்லவே தெரியாத ஒன்று அன்று சாயங்காலம் இல்லை என்றது.

மழை பிடித்துக்கொண்டதில் பொழுது சாயும் முன்பே கூடம் இருட்டிவிட்டது. ஜன்னல் வழியாக ஈரச் சுவரின் வாடையும், கொடியிலிருந்து அவசரமாக அள்ளிப் போட்ட துணிகளின் புழுங்கல் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன. மேஜைமேல் மகள் குட்டியின் காய்ச்சல் மருந்து, இப்போதுதான் வாங்கியது, முத்திரைகூட உடைக்காமல் இருந்தது. கதவுகளைப் பூட்டிவிட்டு அதைக் கொடுக்கலாம் என்று அவள் மடிக்கணினியைத் திறந்து, வீட்டின் விளக்குகளையும் பூட்டுகளையும் ராத்திரிக்குத் தயார் செய்யும் தன் சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். அது முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஓட்டுகிறவருக்கு அட்மின் உரிமை உண்டா? உண்டென்றால் மேலே போகும், இல்லையென்றால் நின்றுவிடும்.

திரையில் ஒரே வரி வந்து நின்றது. நீங்கள் அட்மின் இல்லை.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயரே பூட்டுக்காரி. யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. முதலாளியின் மைத்துனனுக்கே உரிமை தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அவளைப் பார்த்து, அவள் எழுதிய ஸ்கிரிப்டே, அவள் வீட்டிலேயே இப்படிச் சொல்கிறது.

அதைவிட வேடிக்கை, அதற்கு அப்படிச் சொல்லவே வழியில்லை. போன வருஷம் எழுதும்போது உரிமையைச் சோதிக்கும் பகுதி ஒழுங்காக வேலை செய்யாமல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கடுப்பில் அந்தச் சோதனையைத் தூக்கி எறிந்துவிட்டு, யார் கேட்டாலும் ‘ஆம்’ என்று பதில் வரும்படி எழுதி, பக்கத்தில் தனக்குத்தானே ஒரு குறிப்பும் போட்டு வைத்தாள்: பிறகு சரிசெய்ய வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அந்தப் ‘பிறகு’ யாருக்கும் வந்ததில்லை, அவளுக்கும் வரவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தாள்.

‘ஆம்’ அங்கே இல்லை. அந்த இடத்தில் சோதனை முழுசாக, சுத்தமாக, அவளே எழுதியிருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது என்னும்படி எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் குறிப்பும் மாறியிருந்தது.

சரிசெய்தாயிற்று.

சுவரோரம் குளிர்பெட்டி ஒருமுறை உதறிக்கொண்டு அடங்கியது. பின்னறையிலிருந்து குட்டி இருமும் சத்தம் கேட்டது. சரி, பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தன் கணவனுக்கு போன் போட்டாள். அவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான்.

“ஹலோ” என்றாள். “யாரு?” என்றான்.

“நான்தாங்க. தொண்டை கட்டிக்கிச்சு.” ரெண்டு நாளாகவே அவள் குரல் அவளுக்கே அந்நியமாகத்தான் இருந்தது. “வீட்டு ஸ்கிரிப்டுல நீங்க கை வச்சீங்களா?”

“நான் எங்கே கை வைக்கிறது? சண்டை போட்டு என் உரிமையைப் புடுங்கினது நீதானே? சொந்த வீட்டுல ஒரு லைட்டைப் போட உன்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறேன்.”

“அது முடிஞ்சு போன கதை. யாரோ உள்ள பூந்திருக்காங்க, நான் என்ன சொல்றேன்னா...”

“உன்னைத் தாண்டி யாரு வருவா? வீட்டுக்கே நீ ஒருத்திதான் மகாராணி. பார்த்துக்கோ.” வைத்துவிட்டான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. குட்டி தூக்கத்தில் நடக்கிற பிள்ளை. ஒருதடவை செருப்புகூட இல்லாமல் நடுத்தெருவில் நின்றிருந்தாள், ஒரு வண்டி அவளை உரசிக்கொண்டு போய் நின்றது. அதற்குப் பிறகுதான் இவள் எல்லாக் கதவுக்கும் மின்தாழ் வைத்தாள். பின்னறைக் கதவுக்கு மட்டும் உள்ளே இரும்புத் தகடு. இதையெல்லாம் யாரும் கலைத்துவிடக் கூடாது என்றுதான் கணவனைக்கூட எடுத்துவிட்டு, தான் ஒருத்தி மட்டும் அட்மினாக இருந்தாள். ஆனால் யார் கேட்டாலும் ஆம் என்று சொல்லும் வாசலை ஒரு வருஷமாகத் திறந்தே போட்டிருந்தாள். யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆம் என்று உள்ளே விட்டிருக்கிறது. வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, வந்த வழியை அடைத்ததுதான்.

இப்போது யார் அட்மின் என்று கேட்டுப் பார்த்தாள். விசைகளில் விரல் வழுக்கியது.

அட்மின்: அம்மா.

அப்பாடா என்று மூச்சு வந்தது. அது அவள்தான். குட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று தன் கணக்குக்கு வைத்த பெயர். “அம்மா, கதவைத் தொற” என்று பிள்ளை அறைச் சுவரிலிருக்கும் ஒலிபெருக்கியிடம் சொன்னால் இவளுக்குத் தகவல் வரும். ஏதோ குளறுபடி, அவ்வளவுதான். இந்தக் கணினியில் இப்போது இருப்பது யார் என்று கேட்டாள், ஒரு சம்பிரதாயத்துக்கு.

விருந்தாளி.

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் தணிந்திருந்தது. தணிந்ததனாலேயே வீட்டுக்குள்ளிருக்கும் சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வந்தன: குழாய்ச் சொட்டு, கடிகாரம், எங்கோ யாரோ மெதுவாகப் பாயைச் சரிசெய்வது போன்ற ஒரு சரசரப்பு. அப்படியானால் ‘அம்மா’ எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள்.

பின்னறை.

வாசல் கதவில் தாழ் விழுந்தது. டக். அடுப்படிக் கதவில். டக். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, எதற்கென்று தெரியாமலே மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடையில் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பின்னறையிலும் விழுந்தது.

டக்.

“குட்டி! கதவுகிட்ட வாடா!” கத்தினாள். கத்தல் காற்றாகத்தான் வந்தது. கட்டின தொண்டையிலிருந்து கரகரவென்று யாருடைய குரலோ வந்தது.

கைப்பிடியை உலுக்கினாள். தோளால் இடித்தாள். இரும்புத் தகடு. அவளே கடை கடையாக ஏறி, தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியது.

ஓடிப்போய் மெயினை இறக்கினாள். வீடு மொத்தமும் அணைந்தது. பின்னறைக் கதவின்மேல் சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் அணையவில்லை. கரண்ட் போனாலும் பூட்டு திறக்கக் கூடாது என்று உள்ளே பேட்டரி வைத்தவள் அவளேதான். அன்றைக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். இப்போது அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியைத் தூக்கிக் கதவில் ஓங்கி அடித்தாள். மறுபடி. கால் ஒன்று முறிந்து எங்கோ உருண்டது.

உள்ளே அசைவு.

அடிப்பதை நிறுத்தினாள். காதைக் கதவில் வைத்தாள். இரும்பு ஜில்லென்றிருந்தது. குட்டியின் குரல். தூக்கக் கலக்கம். பக்கத்தில் இருக்கும் யாரிடமோ பேசும் குரல்.

“அம்மா, வெளியே யாரோ கதவை ஒடைக்கிறாங்கம்மா.”

“குட்டி, நான்தான்டா! அம்மா நான்தான்!”

“அம்மா, அந்தக் குரல் பயமா இருக்கு.”

கட்டில் கிரீச்சிட்டது. யாரோ பிள்ளையின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் வரும் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. தொண்டை கட்டாத, நல்ல, இதமான அவள் குரல்.

“யாரோ விருந்தாளிடா கண்ணு. போயிடுவாங்க. நீ மருந்தைக் குடிச்சிட்டுத் தூங்கு.”

அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். புட்டி அவளிடம்தான் இருந்தது. மூடியில் முத்திரை அப்படியே இருந்தது.

உள்ளே கரண்டி ஒரு கண்ணாடிப் புட்டியின் வாயில் உரசியது. மெதுவாக, சிந்தாமல், பழகிய கை ஊற்றுகிற மாதிரி.

“ஆ காட்டு.”

“குட்டி, வேண்டாம்! குடிக்காதே!”

பிள்ளை எப்போதும் அம்மா சொன்ன பேச்சைக் கேட்பவள். மடக்கென்று விழுங்கும் சத்தம், கதவின் இந்தப் பக்கம்வரை கேட்டது.