சுரண்டியெடுத்த கிளையாறு

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மேஜை மேல் இருந்த வரைபடம் மட்டும் ஈரமாக இருந்தது.

நில அளவை அலுவலகத்தில் அவரை ‘பிளேடு சார்’ என்பார்கள். பேசி அறுப்பதற்காக அல்ல. வரைபடத்தில் தப்பாக விழுந்த மைக்கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, தடமே தெரியாமல் ஆக்குவதில் அவர் கைகாரர்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எவனோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே கைக்குட்டையால் ஒற்றினார். ஈரம் போனது, அடியில் ஒரு நீலக் கோடு இருந்தது. மலை உச்சிக்குக் கீழே பிறந்து, இரட்டைப் பாறைக்கு நடுவே நெளிந்து, பெரிய ஆற்றைப் பார்த்து இறங்கும் கோடு. நாற்பது வருடம் முன்பு நிலச்சரிவில் வாய் அடைபட்டு வறண்டுபோன கிளையாறு அது. படுகையில் வீடு கட்ட அனுமதி தரமாட்டார்கள் என்று போன வருடம் அவரேதான் அதைச் சுரண்டியெடுத்தார். அவருடைய புது வீடு அந்தப் படுகையின் நடுவில் நிற்கிறது.

மறுபடி சுரண்டினார். பிளேடு நகர நகரப் பின்னாலேயே நீலம் ஊறியது. பாசி வாடை மூக்கில் ஏறியது. தாளுக்கு அடியில் எங்கோ கற்கள் உருண்டன. கோடு அரை விரல் இறங்கியிருந்தது. அவர் வீட்டைக் குறிக்கும் சதுரத்துக்கு இன்னும் ஒரு விரல்தான்.

வீட்டில் மனைவி. நான்கு வயது மகள். போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

அழிக்க முடியாவிட்டால் என்ன, திருப்பிவிடலாமே. கிழக்கே மேட்டில் இன்னொரு சதுரம் இருந்தது. அவரைத் தூக்கி வளர்த்த அக்காவின் வீடு. அக்கா தனி ஆள், வயதும் ஆகிவிட்டது என்று கூசாமல் நினைத்தார். பேனாவை நனைத்து, கோட்டின் முனையிலிருந்து அந்தச் சதுரம் வரை ஒரு வளைவு இழுத்தார்.

தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது.

போன் அலறியது. மனைவி.

“என்னங்க, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? காலையிலேர்ந்து வீட்டுத் தரையெல்லாம் ஒரே கசிவு. அதான் பாப்பாவை உங்க அக்காகிட்ட விட்டுட்டு இப்பத்தான் திரும்பி வந்தேன். இங்க காஞ்சுபோச்சு, பயப்படாதீங்க. ஆனா மேட்டுப் பக்கம்தான் என்னமோ சத்தம்…”

மேட்டுச் சதுரம் இல்லை. நீலம்தான் அதைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

தாள் அடியிலிருந்து புடைத்தது. ஒரு சின்ன உள்ளங்கை. ஐந்து விரல்.

பிளேடை எடுத்தார். கிழிக்க வைத்த இடத்தைவிட்டு அந்தக் கை மெல்ல நகர்ந்தது. கோட்டோடு கீழே. பெரிய ஆற்றை நோக்கி.