வியாழக்கிழமை நகரும் இருக்கை

"யாரோ என் வண்டியில ஏறி உக்காந்துட்டுப் போறாங்கம்மா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். சொன்ன பிறகுதான், இதற்காகவா மாடி ஏறி வந்தோம் என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

எதிரே இருந்த சர்வேயர் அம்மா சிரிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்றதும் அச்சகத்து மாடியில் ஓர் அறை எடுத்து, ஊராரின் சிக்கல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கூடவே அவருடைய தம்பி. போட்டோ பிடிப்பது தொழில். அக்காவின் வழக்கில் மூக்கை நுழைப்பதுதான் உயிர்.

"எதாவது திருடு போச்சா?" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல அவர் பேசட்டும்டா."

ரொட்டிக்கடைக்காரர் பேசினார். பேச்சு வண்டியில் ஆரம்பிக்காமல் அவருடைய இளமையில் ஆரம்பித்தது. அடுப்படி வேலையாளாக இருந்தபோது, ஓட்டல் வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றதாம். இறங்கியவர் கதவைச் சாத்தினார். தடார் என்று இல்லை, மெத்தையில் தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம். ரொட்டித் தட்டோடு நின்றவர் அந்தச் சத்தத்தை அன்றைக்கு நெஞ்சுக்குள் வாங்கியவர்தான், இறக்கி வைக்கவேயில்லை. கடை வைத்து, பெண்களைக் கட்டிக் கொடுத்து, எல்லாம் ஆன பிறகு போன வருடம்தான் அதே ரகத்தில் ஒரு பழைய வண்டியை வாங்கினார். நின்றால் இடது முன்பக்கம் காற்று இறங்கி மண்டியிட்டுக்கொள்ளும். மேல்கண்ணாடி மழைக்கு ஒழுகும். யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்று மனைவி ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டுமே. தினமும் துடைக்கும்போது கதவை ஒருமுறை திறந்து சாத்துவார். வேண்டுமென்றே.

"வியாழக்கிழமை மத்தியானம் கடையிலேர்ந்து வந்து பாத்தா, ஓட்டுற சீட்டு பின்னால கடைசி வரைக்கும் போயிருக்கு. ஸ்டீயரிங் கீழ இறங்கியிருக்கு. கண்ணாடி மேல பாத்துட்டு நிக்குது. என் உயரத்துக்கு நான் திருப்பியும் எல்லாத்தையும் நகத்தணும். வாராவாரம் இதே கூத்துதான். பூட்டு அப்படியே இருக்கு. சாவி ஒண்ணே ஒண்ணு, அதுவும் என் இடுப்புல."

"கிலோமீட்டர்?"

"நகரவேயில்ல."

"யார் மேல சந்தேகம்?"

ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "கேட்டே தொலைச்சிட்டேன்மா. எங்க அண்ணன் ஆறடி. ஒரே ஒரு ரவுண்டு குடுடான்னு வாங்கின நாள்லேர்ந்து கேட்டான். நான் தரல. அண்ணி முன்னாடியே வெச்சு, நீதானேன்னு கேட்டுட்டேன். 'உன் வண்டியும் வேணாம், நீயும் வேணாம்'னு போனவன், சாயங்கால டீக்குக்கூட கடைப்பக்கம் வர்றதில்ல. அண்ணனைத் தொலைச்சிட்டு எதுக்கு வண்டின்னு வீட்டுல கேக்குறா. வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்து எடுத்துட்டுப் போறார்." இடுப்பிலிருந்த சாவியைத் தடவிக்கொண்டார். "அவன்தான்னு தெரிஞ்சா மனசைத் தேத்திக்குவேன். இல்லைன்னா கால்ல விழுந்துடுவேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

சர்வேயர் அம்மா உடனே கிளம்பிவிட்டார்.

வண்டி வீட்டோரத் தகரக் கொட்டகையில், இடது முழங்காலை மடித்துக்கொண்டு நின்றது. வாசலுக்குக் கதவு கிடையாது. சென்ற வியாழனுக்குப் பிறகு மனம் வெறுத்துப்போய் ரொட்டிக்கடைக்காரர் எதையும் தொடவில்லை. அம்மா ஓட்டுநர் பக்கம் குனிந்து மிதியடியைப் பார்த்தார். மெல்லிய மைதா மாவுப் படலம். அதில் சின்னச் செருப்புத் தடம் ஒரு ஜோடி.

"அது என்னோடதுதான். எங்க போனாலும் மாவு என்கூடவே வரும்."

"வேற தடம் ஒண்ணும் இல்லையே." அம்மா சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். அங்கே மிதியடியில் காய்ந்த சேறு, இருக்கை இடுக்கில் எள்ளு ஒட்டிய ரொட்டித் துணுக்குகள்.

"எங்க கடை பன்னு" என்றார் ரொட்டிக்கடைக்காரர் கசப்போடு. "அண்ணன்தான் எப்பவும் ஓசியில சாப்பிடுவான்."

"அக்கா, ஆள் ரெண்டு பேர்" என்றார் தம்பி உற்சாகமாக. "ஒருத்தன் நெட்டை, காலைத் தூக்கிட்டு உக்காந்திருக்கான். இன்னொருத்தன்..."

"காலைத் தூக்கிட்டு எதுக்குடா உக்காரணும்?" அம்மா ரொட்டிக்கடைக்காரரிடம் திரும்பினார். "ரெண்டாவது சாவி?"

"தொலைஞ்சு போச்சுன்னு புரோக்கர் சொன்னார். வாங்குற அவசரத்துல நானும் தோண்டிக் கேக்கல."

"வியாழன்ல வீட்டுல யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல. பள்ளிக்கூடத்து ஆர்டர் நாள். நானும் அவளும் கடையிலதான் கிடப்போம்."

"வண்டியைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா?"

"விசாரிக்காத ஆள் யாரு? மருந்துக்கடைக்காரர் எவ்வளவு எண்ணெய் குடிக்குதுன்னு கேப்பார். பாட்டு டீச்சர், 'இடது பக்கம் இன்னும் இறங்கிடுதா?'ன்னு கேப்பாங்க. எதிர்வீட்டுக்காரன் எப்ப விக்கப்போறேன்னு கேப்பான்."

"வண்டியைக் கடைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"ஐயோ, அந்தப் புழுதியிலயா? கடைக்கு வேன்தான்."

அம்மா கதவைச் சாத்தினார். அந்த மெத்தென்ற சத்தத்தைக் கேட்டு ஒரு நொடி நின்றார். "வியாழக்கிழமை கடைக்கு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வியாழனன்று, கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் பாட்டு டீச்சர் வந்தார். மெலிந்த உருவம், கழுவிக் கழுவி வெளுத்த குடை. எள்ளு பன் ஒன்று வாங்கினார். ரொட்டிக்கடைக்காரரும் மனைவியும் இருவருமே கடையில் இருப்பதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், உள்ள வந்து ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றார் சர்வேயர் அம்மா. பின்கட்டில், ஆறிக்கொண்டிருந்த ரொட்டிகளுக்கு நடுவே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"ஓட்டுற சீட்டு நகர்ந்திருக்கு, ஆனா அந்தப் பக்கம் யாரும் காலே வைக்கல" என்று அம்மா நிதானமாக ஆரம்பித்தார். "அப்படின்னா அதுல யாரும் உக்காரல. இந்த மாதிரி வண்டியில ஓட்டுறவரோட அளவைச் சாவி ஞாபகம் வெச்சுக்கும். அந்தச் சாவியால திறந்தா, சீட்டு தானா அவர் அளவுக்குப் போய் நிக்கும். நொறுங்குன வண்டியை யார் ஓட்டினாங்கன்னு இதை வெச்சே நான் கண்டுபிடிச்சிருக்கேன். இவர்கிட்ட இருக்குறது, பழைய சொந்தக்காரர் எடுக்காமலே அலமாரியில போட்டு வெச்ச மாத்துச் சாவி. அதுல எந்த அளவும் பதியல. அதனால இவருக்கு இந்த விஷயமே தெரியாது."

"அப்ப நெட்டை ஆளு?" என்றார் தம்பி.

"சாவிக்குள்ள இருக்கார். வந்தவங்க எள்ளு பன்னோட பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க. வண்டி இடது பக்கம் இறங்கும்னு கடைக்கு வர்ற யாருக்கும் தெரிய வாய்ப்பில்ல. அதோட, 'இன்னும்' இறங்கிடுதான்னு கேக்கணும்னா, முன்னாடியே பாத்திருக்கணும்."

பாட்டு டீச்சர் கைப்பையைத் திறந்து, தேய்ந்த சாவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப, அவர் சட்டைப் பையில இருந்தது. தொலைஞ்சிடுச்சுன்னு பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியாது. சும்மா நின்னே வீணாப்போகும்னு வித்துட்டாங்க." குடையின் பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். "கதவைத் திறந்தா சீட்டு மெதுவா பின்னால போகும், ஸ்டீயரிங் இறங்கும். அவர் ஏறுறதுக்கு முன்னாடி எப்பவும் வர்ற சத்தம் அது. நான் சுத்தி வந்து என் பக்கம் உக்காந்துக்குவேன். அவர் சட்டையெல்லாம் குடுத்துட்டேன். அவர் அளவுல இந்த உலகத்துல மிச்சம் இருக்குறது அந்த சீட்டு ஒண்ணுதான்யா. பாக்கணும் போல இருந்தது. தப்புதான். சாவியில இருக்குற அவர் அளவை அழிச்சிடுங்க."

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரருக்கு எதிரே இருந்தவர் வீடு புகுந்தவராகத் தெரியவில்லை. ரொட்டித் தட்டோடு நின்று ஒரு கதவுச் சத்தத்துக்கு ஏங்கிய தன்னையே பார்ப்பது போலிருந்தது.

அவர் புரோக்கருக்கு போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு இன்னொரு எண்ணை அழுத்தினார்.

"அண்ணே, நான்தான்... வெச்சிடாதே. நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வீட்டுக்கு வா. வண்டியை நீதான் ஓட்டணும்."

மறுமுனையில் "டீ போட்டு வை" என்று கேட்டது.

எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் தேய்ந்த சாவியால் வண்டியைத் திறந்தார். அவர் கண்ணெதிரே இருக்கை முனகிக்கொண்டு பின்னால் போயிற்று, ஸ்டீயரிங் இறங்கியது, கண்ணாடி நிமிர்ந்தது. ஆறடி அண்ணன் டீயைக் குடித்துவிட்டு, முறைப்பு முழுக்கப் போகாத முகத்தோடு வந்து நின்றார்.

"சீட்டைத் தொடாதே அண்ணே. உனக்குச் சரியா இருக்கும். அப்படியே உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தார். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. பாட்டு டீச்சர் சுற்றி வந்து தன் பக்கம் ஏறி, மடியில் பன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, நேர்முன்னே பார்த்தார். வாழ்நாளெல்லாம் அப்படியொரு வண்டியை ஓட்ட ஆசைப்பட்ட ரொட்டிக்கடைக்காரர் பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எங்கம்மா போகணும்?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்கயாவது போங்க" என்றார் டீச்சர். "அவர் எப்பவும் மெதுவாதான் ஓட்டுவார்."