ஏரியைச் சொன்னவள்

"அய்யோ... என்னங்க பண்றீங்க?"

அவன் அலறியபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. ஏரிக்கு இதுதானே வழி என்று கேட்க வந்த, முன்பின் தெரியாதவன். மூக்கின் மேல் கண்ணாடி கோணலாக இருந்தது. அவ்வளவுதான்! கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர் முகத்திலிருந்து கழற்றி, நிமிர்த்திக் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கடையிலானால் சூடு காட்டித்தான் வளைப்பாள். இங்கே கழற்றி அப்படியே வளைத்ததில், மலைக்குளிரில் விறைத்திருந்த ஃப்ரேம் பட்டென்று முறிந்து, கைநழுவிப் பள்ளத்தில் போய் விழுந்தது.

"ஒரு முழத்துக்கு அப்பால எனக்கு எல்லாமே கலங்கல்தாங்க..." என்றான் பரிதாபமாக. "ஏரியைப் பார்க்கத்தான் லீவு போட்டு வந்தேன்."

"வாங்க... நான் பார்த்துச் சொல்றேன்."

கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். வேறு வழி?

"சொல்லுங்க... ஏரி எப்படி இருக்கு?"

"கரையோரம் பச்சை. நடுவுல கருநீலம். எதிர்மலை தலைகீழா நிக்குது... ஒரு மேகம் தண்ணியில குளிச்சிட்டிருக்கு."

"மேகம் குளிக்குதா! நல்லாக் கதை விடுறீங்க."

"நம்பலன்னா நீங்களே பார்த்துக்கோங்க."

"அதைத்தான் உடைச்சிட்டீங்களே!"

இருவரும் சிரித்தார்கள். தூறல் விழுந்தது. அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். எத்தனையோ கண்களை அருகில் பார்த்தவள்தான் அவள். ஆனால் இந்தக் கண்கள்... எதுவும் தெரியாமல், அவள் குரல் வந்த பக்கமே திரும்பித் திரும்பி நின்றதில் அவளுக்குள் என்னவோ செய்தது. நேர்வழி வழுக்கும் என்று பொய் சொல்லி, சுற்றுவழியில் அழைத்து இறங்கினாள்.

"கீழே கார்ல அக்கா இருக்கா. அவகிட்ட இன்னொரு கண்ணாடி இருக்கு. போட்டதும் முதல்ல உங்களத்தான் பார்க்கப் போறேன்!"

அவளுக்குப் பழையது நினைவுக்கு வந்தது. போனிலேயே மாதக்கணக்கில் உருகி உருகிப் பேசிய ஒருவன், நேரில் பார்த்த அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். மறுபடியும் ஒருவன் முன்னால் நின்று, அவன் முகம் மாறுவதைப் பார்ப்பதா? முடியவே முடியாது!

"எதுக்குங்க? நான் உடைச்சேன், அதுக்காகக் கூட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான்."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. கார் கண்ணில் பட்டதும், "நேரா போங்க" என்று தூரத்திலேயே கையை விட்டாள். நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, புறப்பட நின்ற பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கண்ணாடியோடு அவன் ஓடி வந்தான். ஒவ்வொரு ஜன்னலாக... "ஏரியைச் சொன்னவங்க இருக்கீங்களா? ஏங்க... ஒரு வார்த்தை பேசுங்க!"

அவள் ஜன்னலிலும் நின்றான். நேருக்கு நேர் பார்த்தான். அவன் முகம் மாறவில்லை. சொல்லப்போனால், அந்தக் கண்கள் ஆசையோடு ஒரு கணம் கூடுதலாகவே அவளிடம் தங்கின.

"நீங்களா...?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். பாழாய்ப்போன வீம்பு! இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஸாரிங்க..." என்று அடுத்த ஜன்னலுக்குப் போனான்.

பேருந்து நகர்ந்து, முதல் வளைவில் திரும்பியது. அவன் மறைந்து போனான்.

"நான்தாங்க..." என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பதறித் திரும்பினாள். "என்னம்மா?"

"அவரை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க..."

"அடிப் பாவி! அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"