நிறம் மாறாத இடம்

மர்ஃபியின் முதுகில் ஓரிடம் மட்டும் நிறம் மாறவில்லை. தூக்கத்தில் வெளிறி, விடிந்ததும் பச்சையேறி, மார்லிஸைக் கண்டால் கோபத்தில் கறுத்துக்கொள்ளும் பச்சோந்திதான். ஆனால் முதுகுமேட்டில் நகமளவு இடம் எதற்கும் மசியாமல் சாம்பலாகவே கிடந்தது. தோலுரிக்கிறது போலும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள். உரிகிற தோல் வெள்ளைக் காகிதம் போல உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை. ஓரம் கறுத்துப் பொருக்குக் கட்டியது.

கணவன் ஆர்வின் ஆசையாக வளர்த்தது அது. இலையுதிர்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் மூச்சுவிட அவளும் அதுவும்தான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இதையும் சாகவிட்டால் ஆர்வினுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் மட்டும் இருந்தது.

டலூத் நகரத்துப் பனியில் காரை உருட்டிக்கொண்டு, மர்ஃபியோடு மிருக வைத்தியர் டாக்டர் ஹால்வரிடம் போனாள்.

"சூட்டுப் புண்ணுங்க. கூண்டுல சூட்டுக்கு வெச்ச விளக்கு ரொம்பக் கிட்ட இருந்திருக்கு," என்றார் அவர்.

"சுட்டா நகராதா டாக்டர்? அதுக்கென்ன காலா இல்ல?"

"உள்ளுக்குள்ள குளிர் போகலன்னா நகராதுங்க. முதுகு வேகறது அதுக்கே தெரியாது. விளக்கை மேல ஏத்துங்க, இந்தக் களிம்பைத் தடவுங்க. பொருக்கைப் பிச்சுடாதீங்க."

சொன்னபடி செய்தாள். புண் ஆறத் தொடங்கியது. மர்ஃபி பூச்சிகளை நாக்கால் அள்ளித் தின்றது. ஆனால் நாற்றம் ஒன்று வீட்டில் தங்கிவிட்டது. முடி பொசுங்கும் நாற்றம், அதற்கடியில் லேசாக ஏதோ தித்திப்பு. விளக்கை அணைத்துக் கூண்டை முகர்ந்தாள், ஈர இலைதான் மணத்தது. ஒயர்களைத் தடவினாள், எல்லாம் ஜில்லென்றிருந்தன. அறை அறையாக மோப்பம் பிடித்தாள். போகுமிடமெல்லாம் கூடவே வந்தது.

சலித்துப்போய், விறகெரியும் இரும்புக் கணப்பின் முன் முக்காலியில் உட்கார்ந்தாள். ஆர்வின் போனதிலிருந்து எலும்புக்குள் ஒரு குளிர், என்ன போர்த்தினாலும் விடுவதில்லை. கணப்பில் முதுகைச் சாய்த்துக் கிடந்தால்தான் கொஞ்சம் தேவலை. பகலெல்லாம் அப்படியே கழிந்தது. கூண்டிலிருந்து மர்ஃபியின் ஒரு கண் அவளையே பார்த்தது.

மத்தியானம் நாத்தனார் பெவ் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள்.

"என்னடி கருகுது? நான் இன்னும் சூடுகூடப் பண்ணலையே!"

"அதைத்தான் நானும் தேடறேன். விளக்குலேருந்து வரல, பெவ்."

பெவ் சிரித்துக்கொண்டே விறகு போடப் பக்கத்தில் வந்தாள். சிரிப்பு நின்றது. பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது.

"மார்லிஸ். எந்திரி."

"ஏன்?"

"எந்திரிடி. மெதுவா."

எழுந்தாள். முதுகுப் பக்கம் ஏதோ பிசின் பிரிவதுபோல் ஒரு சத்தம். வலி இல்லை. திரும்பிப் பார்த்தாள். கணப்பின் இரும்பில் ஸ்வெட்டரின் பின்பாதி ஒட்டியிருந்தது. அதன்மேல் இன்னொன்று. அகலமாக. ஈரமாக. ஓரங்கள் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தன.

பெவ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் திறந்து கிடந்தது. பனிக்காற்று வந்து முதுகில் பட்டது. எங்கே பட்டதென்றே மார்லிஸுக்குத் தெரியவில்லை.

"கதவைச் சாத்து, பெவ். குளிருது."

முக்காலியை இன்னும் கொஞ்சம் கணப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாய்ந்தாள்.

சுர்ரென்றது.