வெளிச் சத்தம் அடங்கிய பிறகு

அந்த வண்டிக்கு இருபத்தாறு வயது. மந்தைவெளியில் இருக்கும் என் கார் ஷெட்டுக்குள் அது நுழைவதற்கு முன்பே தெருமுனையிலிருந்து அதன் சத்தம் வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் சாந்தோம் ஃப்ளோரன்ஸ் மிஸ், ரிட்டயரான கணக்கு டீச்சர். வண்டிக்குள் வெளிச் சத்தமே கேட்கக் கூடாது, என்ன செய்ய வேண்டுமோ செய் என்றார்.

கிழட்டு வண்டிக்கு இவ்வளவு சிங்காரமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த வயசில் பாட்டுக் கேட்கப் போகிறீர்களா மிஸ் என்று கேட்டும் விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அவர் பேசுறது கேக்கல கனகராஜ்."

அவர் என்றால் கணவர் கிளிஃபர்ட். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி என்று, நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு மிஸ்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போயிருக்கிறார். அடையாறு பாலத்தின் மேல், பக்கத்துச் சீட்டிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். கடைசியாக என்னவோ சொன்னாராம். அந்த வண்டி இரைச்சலில் எதுவும் காதில் விழாது என்பதால், யார் என்ன சொன்னாலும் "சரி சரி" என்று தலையாட்டுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். அன்றும் மிஸ் சரி சரி என்றுதான் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை பாலத்தில் ஏறும்போதும் இரைச்சலுக்கு அடியில் அவர் குரல் கேட்கிறதாம். வார்த்தைதான் பிடிபடவில்லையாம்.

தனியாக இருப்பவர்களுக்கு மனசு இப்படி ஏதாவது செய்யும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொல்லி வைத்தேன்.

"வெளிய கீற சத்தம் போச்சுன்னா, உள்ள கீற சின்னச் சின்ன சத்தம்லாம் கேக்க ஆரம்பிக்கும் மிஸ். அப்பால என்னைத் திட்டக் கூடாது."

மூன்று நாள் வேலை. சீட்டு, கார்ப்பெட், கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றி, தகரத்தில் சத்தத்தை அடக்கும் கறுப்பு ஷீட்டை ஒட்டி, மேலே ஃபோம் வைத்து மூடினேன். ஒட்டிய இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். 'டங்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறினால் வேலை சுத்தம். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, கடைசியாக இடதுபக்க முன்கதவைத் தட்டினேன்.

தொப்.

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

மத்தியானம் மூன்று மணி, வெளியே நல்ல வெயில். அந்தக் கதவுக்குள் ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. அதை அடைத்தவனே நான்தான். அன்றைக்கு வேலையை அத்தோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஓட்டிப் பார்க்கலாம் என்று மிஸ் வந்தார். நான் முன்சீட்டுக் கதவில் கை வைத்ததும், பின்னால் உட்காரச் சொன்னார். கண்ணாடிகளை ஏற்றியதும் மந்தைவெளியே வாயடைத்துப் போனது. பஸ் ஹார்ன் எங்கோ தூரத்தில் முனகியது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

பாலத்தில் ஏறினோம்.

கோடாலித் தைலம் மணத்தது.

முன்சீட்டில் யாரோ சிரமப்பட்டு மூச்சு இழுத்தார்கள்.

சீட்டில் யாருமில்லை.

"வண்டிய நிறுத்து ஃப்ளோரா. எனக்குப் பயமா இருக்கு."

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மிஸ் நட்டநடுப் பாலத்தில் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தது எங்களுக்குக் கொசு பாடுவதுபோல்தான் கேட்டது. அவர் இடதுகையை வெறும் சீட்டின் மேல் வைத்தார்.

"நிறுத்திட்டேங்க. இங்கதான் இருக்கேன்."

மூச்சு நின்றது. வாசனையும் போய்விட்டது. மிஸ் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டியதும் வண்டியை எடுத்தார். அடையாறு சிக்னல்வரை ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததற்காக என்னை நானே சபித்துக்கொண்டேன்.

"போயிட்டாரு," என்றார் மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீயாவது ஏதாவது பேசுப்பா."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், பின்சீட்டில் என் பக்கத்து இடம் மெல்ல அமுங்கியது.

"அழாத," என்றது அதே குரல்.

மிஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவர் பார்த்தது என்னை இல்லை.

நான் கதவோடு ஒட்டி நகர்ந்து, இடம் விட்டு உட்கார்ந்தேன்.