பாட்டுக்கு அடியில்

மணி அடிக்காமலேயே மூன்றாவது போன் லைனின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டேகால். கீழே தெருவில் சண்டே மார்க்கெட் வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு பொட்டுச் சத்தம்கூட இரண்டாம் மாடி வானொலி ஸ்டுடியோவுக்குள் வராது. உள்ளே ஏ.சி.யின் முனகலும், சுவரில் ஒட்டிய பஞ்சு அட்டைகளில் மழைக்காலம் முழுக்க ஊறிப்போன ஈர வாடையும், சூடேறிய மிஷின்களின் பிளாஸ்டிக் நெடியும்தான். ஆரோன் நாற்காலியை முன்னால் இழுத்து அந்த விளக்கையே பார்த்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆரோன் இருபத்தொன்பது வருடமாக அந்த ஒரு வாயை வைத்துத்தான் பிழைத்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதல் வைத்திக்குப்பத்தில் மீன் கூறு கட்டுகிறவர்கள் வரை, அந்தக் குரலைத் தெரியாத ஆள் புதுச்சேரியில் கிடையாது. வருகிற சனிக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. சால்வை, மாலை, பேனர் எல்லாம் தயார். அந்த மனிதருக்கு அதில் கொள்ளை ஆசை. இல்லை என்று சொன்னால் பொய்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சரிதா உட்கார்ந்திருந்தாள். நேயர்களின் போனை எடுத்து, பேரும் ஊரும் எழுதி, ஒவ்வொரு லைனாக அவருக்குத் தள்ளிவிடுவது அவள் வேலை. பதினொரு வருடமாக அவள்தான்.

ஆரோன் அவளிடம் பேசுகிற மஞ்சள் பொத்தானை அழுத்தினார். “மூணுல யாரும்மா?”

“மூணுலயா? யாரும் இல்லியே சார்.” அவள் குரல் ஹெட்ஃபோனில் சிரித்தது. “சனிக்கெழமை விழா நெனப்புல கண்ணு கட்டுது ஒங்களுக்கு. ரெண்டுலதான் ஆளு. எடுங்க.”

“எரியுதேம்மா.”

“அப்பன்னா ஓயர் கோளாறு. எடுத்துப் பாருங்க, பேய் பேசினா பேரு ஊரு கேட்டு வைங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது லைனின் நெம்பை, மேலும் கீழும் நகர்கிற அந்தச் சின்னப் பிடியை, பிடித்தார். அந்த நெம்பை மேலே தள்ளினால் பேசுகிறவர் குரல் ஊருக்கே கேட்கும். கீழே கடைசி வரை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அந்தக் குரல் ஆரோனின் ஹெட்ஃபோனில் மட்டும்தான் கேட்கும். அதற்குக் கியூ என்று பேர். யாராவது அழுதாலோ, கெட்ட வார்த்தை பேசினாலோ, கண்ணிமைக்கிற நேரத்தில் அதைக் கீழே இழுத்து, மறு கையால் பாட்டை மேலே ஏற்ற வேண்டும். ஊருக்கு ஒன்றும் தெரியாது. அதில் ஆரோனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மேலே தள்ளினார். “வணக்கம், சொல்லுங்க! யாரு பேசுறீங்க, எங்கேருந்து?”

முதலில் கரகரப்பு. பிறகு, ஓடி வந்து நின்ற ஒரு பெண்ணின் இரைப்பு.

“அண்ணே... தனக்கொடிண்ணே. வைத்திக்குப்பத்துலேருந்து. பாட்டு வேணாண்ணே இன்னிக்கு. அவரு கதவ ஒடைக்கிறாரு. யாரையாச்சும் அனுப்புண்ணே. எனுக்கு இந்த ஒரு நம்பருதாண்ணே தெரியும்...”

ஆரோன் யோசிக்கவே இல்லை. கை தானாக இழுத்தது. டக். மறு கை, சரிதா தயாராக வைத்திருந்த பாட்டை ஏற்றியது. வாய் சொன்னது: “லைன் கட் ஆயிடுச்சு நேயர்களே, பரவால்ல, ஒரு இனிமையான பாட்டோட திரும்பி வரேன்!”

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானமும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். இதே பெண். தினமும் போன் செய்து பாட்டுக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பர் வானொலி நம்பர்தான். அன்றைக்கு அவர் லைனைத் துண்டிக்கவில்லை. கியூவில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் பாட்டுப் போட்டுவிட்டு, ஒரு முழுப் பாட்டு நேரம் உட்கார்ந்து கேட்டார். அடி விழுந்ததைக் கேட்டார். புருஷன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்ததைக் கேட்டார். கடைசியில் தரையில் ஏதோ இழுபடுகிற சத்தத்தையும் கேட்டார். பக்கத்திலேயே இன்னொரு போன் இருந்தது. வைத்திக்குப்பம் சைக்கிளில் போனால் பத்து நிமிஷம்.

தனக்கொடி செத்துப்போன பிறகு போலீஸ் வந்து கேட்டபோது லைன் கட் ஆகிவிட்டது, பதிவு எதுவும் இல்லை என்றார். இருந்த பதிவின் மேல் கோயில் திருவிழாப் பாட்டை ஏற்றி அழித்தார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? புருஷன் சாமிக்கண்ணு, அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தேன் என்று சொல்லித் தப்பித்தான்.

இப்போது ஹெட்ஃபோனில் அந்தக் கதவு உடைந்தது. மரம் பிளக்கிற சத்தம். ஒரு பாத்திரம் உருள்கிற சத்தம்.

“பாட்டு போடாதண்ணே. அண்ணே.”

தொம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரிதாவின் தலை மேஜையில் மோதியது.

ஏதோ கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் நிமிர்ந்தாள். இல்லை, நிமிரவில்லை. பின்னந்தலை முடி ஒரு கைப்பிடி அளவுக்கு மேலே எழுந்து நின்றது. யாரோ கொத்தாகப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவரும் காலண்டரும்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணாடி அவ்வளவு கனம்.

தொம். ஹெட்ஃபோனில் சத்தம், கண்ணாடியில் முகம். சத்தமும் முகமும் ஒன்றாகவே வந்தன.

“மாதாவே! சரிதா!”

ஆரோன் சரிதாவின் அறைக்குப் போகிற கதவுக்கு ஓடினார். பிடியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார். சுவரோடு சுவராக நின்றது கதவு. தோளால் இடித்தார். கீழே வாட்ச்மேன் கலியபெருமாளுக்குப் போன் அடித்தார். மார்க்கெட் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? திரும்பிப் பார்த்தால் அவளுடைய இடது கண் வீங்கி மூடிவிட்டது. விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பின்னால் மடிந்தன. மடியக்கூடாத பக்கம்.

பாய்ந்து வந்து பாட்டை இறக்கி, மூன்றாவது நெம்பை மேலே தள்ளினார்.

நின்றது.

முடி தளர்ந்து விழுந்தது. சரிதா மேஜையில் சரிந்தாள். உயிர் இருந்தது; முதுகு ஏறி இறங்கியது. ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். உதடு “சார்” என்றது.

ஊர் முழுக்கக் கேட்கும்படி தனக்கொடி பேசினாள். கோபமே இல்லை அந்தக் குரலில். “சொல்லுண்ணே. அன்னிக்கி இன்னா கேட்டேன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாரி சொல்லு.”

மேஜை மேல் இருந்த எல்லா லைன்களும் மளமளவென்று எரிய ஆரம்பித்தன. ஊர் கேட்கிறது. என்ன சார் அது, யார் சார் அந்தப் பொம்பளை என்று கேட்கப் போகிறது. சனிக்கிழமை. சால்வை. சர்ச்சில் முன் வரிசை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இத்தனை வருஷம் மறைத்தது.

அட, பாவி மனுஷா. மறுபடியும் இழுத்தார். டக். பாட்டு ஏறியது.

இந்த முறை இரண்டு அடி அடுத்தடுத்து. கண்ணாடியில் ஒரு பல் வந்து பட்டுக் கீழே விழுந்தது.

“சொல்றேன்! சொல்லிடுறேம்மா! அவள வுட்டுடு!”

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தார். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. அவளைப் பார்க்கவும் தெம்பு இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தடவி மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“நேயர்களே. நான் ஆரோன் பேசுறேன்.”

மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தார்.

“பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி வைத்திக்குப்பத்துலேருந்து ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சு. லைன் கட் ஆயிடுச்சுன்னு ஒங்ககிட்ட சொன்னேன். கட் ஆவல. நான்தான் இழுத்தேன். கடைசி வரைக்கும் காதுல வெச்சிக் கேட்டேன். யாரு அடிச்சான்னு எனக்குத் தெரியும். அவ பேரு தனக்கொடி...”

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். போலீஸிடம் சொன்ன பொய், அழித்த பதிவு, அதன் மேல் ஏற்றிய பாட்டு, அந்த வாரமே சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியாரிடம்கூடச் சொல்லாமல் எழுந்து வந்தது. அழுகை வந்தது, ஆனால் குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதே இல்லை. பேசப் பேச நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. நாலு நிமிஷம் இருக்கும்.

“என்னை மன்னிக்காதீங்க,” என்று முடித்தார். கண்ணைத் திறந்தார்.

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு இல்லை. மஞ்சள்.

கியூ.

இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில். சிவப்பு ஊருக்கு. மஞ்சள் ஸ்டுடியோவுக்குள் மட்டும். ஊருக்குத் தெரியக்கூடாததைச் சொல்லும்போதெல்லாம் அந்த விரல் மஞ்சளுக்குத்தான் போகும். இருபத்தொன்பது வருஷப் பழக்கம்.

அவர் பேசியது ஊரில் ஒரு ஜீவனுக்கும் கேட்கவில்லை. அத்தனை நேரமும் ஊருக்குப் பாட்டு ஓடியிருக்கிறது. மூன்றாவது நெம்பு கீழேயே இருக்கிறது. நாலு நிமிஷமாக.

அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. சிவப்பாக ஏதோ அந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. கையை நெம்புக்கு நீட்டினார். தடவினார், பிடி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திரையில் நேயர்கள் அனுப்பிய செய்தி ஒன்று மேலே வந்து நின்றது.

‘ஆரோன் சார், நான் கோபிநாத், நம்ம ஊரு மேட்டுப்பாளையம் கம்பெனிலேருந்து. சரிதா வூட்டுக்காரர். இன்னிக்கு எங்க கல்யாண நாள். இந்தப் பாட்ட அவதான் எனக்காக எடுத்து வெச்சிருப்பா, தெரியும். இங்க எல்லாரும் கேட்டுக்குனு இருக்கோம். இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க சார்.’

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரிதாவின் தலை இன்னொரு முறை மெல்ல மேலே எழுந்தது.